வெள்ளம் புகும் வீட்டைச் சீரமைத்தல்

சென்னையின் தெற்கு, தென்மேற்குப் புறநகர்கள் ஏரிகளை ஒட்டியும் ஏரிகளுக்கு இடையிலும் வளர்ந்தவை. 2021-இல் மாநகராட்சியான தாம்பரத்துக்குள் சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் எனப் பல ஏரிகள் இருக்கின்றன. மேற்கே ஆதனூர்ப் பக்கம் தொடங்கும் அடையாறு, முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் ஒட்டி ஓடுகிறது. கிழக்கே உள்ள ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. நீர் போகும் இந்த வழிகளில் வீடுகளும் சாலைகளும் வந்துவிட்டன. அதனால் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும் ஆண்டுகளில் தரைத்தளங்களுக்குள் நீர் புகுகிறது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. 2021 நவம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பல தெருக்கள் மறுபடி மூழ்கின.

இப்படிப்பட்ட ஊரில் உடைந்ததைப் பழையபடி ஒட்டவைத்தால் அடுத்த மழையில் அதே செலவு திரும்பி வரும். வெள்ளம் சுவரில் விட்டுச்சென்ற கறைக்கோடே சீரமைப்பு வேலைக்கு அளவுகோல். அந்தக் கோட்டுக்குக் கீழே நனைந்தாலும் கழுவிக் காயவைக்கக்கூடிய பொருள்கள் மட்டும் இருக்க வேண்டும். மின்சாரமும் விலைமதிப்புள்ளவையும் கோட்டுக்கு மேலே போக வேண்டும். பூச்சு வேலை தொடங்கி வீட்டையே தூக்கி நிறுத்துவது வரை எல்லா முடிவுகளுக்கும் இதுவே அடிப்படை.

நீர் வீட்டை என்ன செய்கிறது

தேங்கிய நீர் முதலில் சுவரைத் தள்ளுகிறது. வெளியே ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்று உள்ளே நீர் இல்லாவிட்டால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் ஏறத்தாழ 500 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை விழுகிறது. ஆழம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். வெள்ளத்தில் சுற்றுச்சுவர்கள் நீளமாகச் சரிந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். வீட்டுக்குள்ளும் நீர் புகுந்துவிட்டால் இரு பக்க அழுத்தமும் சமமாகிவிடும். சுவர் தப்பிக்கும், ஆனால் நனையும்.

நனைந்த சுவர் நிறைய நீரைக் குடிக்கிறது. சாதாரணச் சுட்ட செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை நீரை உறிஞ்சலாம் என்று இந்தியத் தரக் குறியீடே அனுமதிக்கிறது. மூன்று கிலோ செங்கல் ஒன்று அரை லிட்டருக்குமேல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 செங்கல் இருக்கும். முழுக்க ஊறினால் அந்த ஒரு சதுர மீட்டருக்குள் 50 லிட்டருக்குமேல் நீர் தங்கிவிடலாம். தரையில் நீர் வடிந்த பிறகும் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நுண்துளைகள் வழியே ஈரம் மேலே ஏறிக்கொண்டிருக்கும். கொத்தனார்கள் ஓதம் என்று சொல்வது இதைத்தான். கறைக்கோட்டுக்கு மேலே ஓரிரு அடி வரையிலும்கூட அது தெரியும்.

ஏறும் நீர் மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு மட்டும் படிகமாக நின்று, வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. படிகம் பூச்சுக்கு வெளியே வளர்ந்தால் அழுக்கு மட்டுமே. பெயிண்டுக்கும் பூச்சுக்கும் பின்னால் வளர்ந்தால் அவற்றை உள்ளிருந்தே தள்ளி உதிர்க்கும்.

கான்கிரீட்டில் ஆபத்து மெதுவாக வருகிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. வெடிப்புகள் வழியே நீரும் காற்றும் உப்பும் கம்பியை எட்டினால் அந்தக் காப்பு போய்விடும். துரு, அது உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டைப் பிளந்து, காரையாகப் பெயர்த்துத் தள்ளுகிறது. வெள்ளம் வடிந்து இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்துத் தூணின் அடியில் நெடுக்குவாட்டில் கீறல் தோன்றினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கம்பியைத்தான்.

அடித்தளத்துக்குக் கீழே உள்ள மண்ணும் மாறுகிறது. ஏரிப் படுகையை ஒட்டிய களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மண் கொட்டி மேடாக்கிய மனையில் கொட்டிய மண் சரியாக இறுகியிருக்காவிட்டால், வெள்ளத்துக்குப் பின் வீட்டின் ஒரு மூலை மட்டும் இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் வெடிப்பு இதற்கு வழக்கமான அடையாளம்.

நீர் வடிந்த முதல் வாரம்

முதல் வேலை மின்சாரம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நீரில் மூழ்கிய ஒயரிங்கை எலெக்ட்ரீஷியன் மின்காப்புச் சோதனை செய்து சொல்லும்வரை இணைப்பைத் திரும்பக் கொடுக்கக் கூடாது. மெயின் பெட்டியே நீரில் நின்றால் அதைத் தொடாமல், மின்வாரியத்திடம் சொல்லித் தெருவிலேயே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். நனைந்த சுவிட்சுகளையும் பிளக் பாயிண்டுகளையும் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்துவதைவிட மாற்றிவிடுவதே நல்லது. உள்ளே படிந்த சேறு காய்ந்த பிறகும் காற்றில் ஈரம் கூடும்போது மின்சாரத்தைக் கடத்தும்.

அடுத்தது சம்ப், அதாவது தரைக்கடியில் உள்ள நீர்த்தொட்டி. உள்ளே புகுந்த சாக்கடை நீரை உடனே இறைத்துவிடத் தோன்றும். ஆனால் சுற்றியுள்ள நிலத்தில் நீர்மட்டம் தரைவரை நிற்கும்போது தொட்டியைக் காலி செய்வது ஆபத்து. சுற்றிலும் நீர் சூழ்ந்த 10,000 லிட்டர் காலித் தொட்டியை நிலத்தடி நீர் 10 டன்னுக்குக் குறையாத விசையுடன் மேலே தள்ளும். தொட்டி கிளம்பாவிட்டாலும் அடித்தளம் வெடிக்கலாம். செப்டிக் டேங்குக்கும் லிஃப்ட் குழிக்கும் இதே கணக்குத்தான். நீர்மட்டம் இறங்கிய பின் சம்பை இறைத்து, சேற்றை வழித்து, பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவி, முதலில் நிரப்பும் நீரை வெளியேற்ற வேண்டும். பிளீச்சிங் பவுடருடன் ஆசிட்டையோ கழிப்பறை சுத்தம் செய்யும் திரவத்தையோ சேர்த்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

தரையிலும் சுவரிலும் உள்ள சேற்றை ஈரமாக இருக்கும்போதே தள்ளிக் கழுவினால் எளிதாகப் போகும். காய்ந்துவிட்டால் சுரண்டத்தான் வேண்டும். ஈரத்தில் கிடக்கும் மெத்தை, மரத்தூள் பலகை, பொய்க்கூரை அட்டை ஆகியவற்றில் ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அவற்றை வெளியேற்றத் தாமதிக்கக் கூடாது. வெளியேற்றும் முன் ஒவ்வொரு அறையையும் கறைக்கோடு தெரியும்படி படமெடுத்து வைக்க வேண்டும். காப்பீடு கோரவும், பிறகு எந்த உயரம்வரை வேலை செய்வது என்று முடிவெடுக்கவும் அந்தப் படங்களே ஆதாரம்.

காயவைத்தல்

சீரமைப்பில் அதிகம் கெடுவது அவசரத்தால்தான். டிசம்பரில் நனைந்த சுவருக்குப் பொங்கலுக்கு முன் புட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால், சித்திரையில் அது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். கட்டுச்சுவர் காய்வதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. காற்றோட்டம் இருந்தால் ஒரு பக்கத்திலிருந்து மாதத்துக்கு ஓர் அங்குலம். ஒன்பது அங்குலச் சுவர் இரு பக்கமும் காய்ந்தால் நான்கைந்து மாதம் ஆகும். அதாவது டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த சுவர் ஏப்ரல், மே வெயிலில்தான் முழுதாக உலர்கிறது.

உலர்ந்ததா என்று பார்க்கக் கருவி இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டிய தெளிவான பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு விளிம்பையும் காற்று புகாதபடி டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிட வேண்டும். மறுநாள் தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி கோத்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். அந்த அறைக்குக் காற்றோட்டம் தேவை. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒன்று, கறைக்கோட்டின் அருகில் ஒன்று என இரண்டு இடத்தில் ஒட்டிப் பார்த்தால் ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறதா என்பதும் தெரியும்.

காயும்வரை சுவரை மூச்சுவிட வைக்க வேண்டும். ஊறி உப்பிய பூச்சைக் கறைக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை கொத்தி எடுத்துவிட்டால் செங்கல் விரைவில் காயும். எங்கே கொத்துவது என்பதற்குச் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்ப்பதே போதும். பிடிப்பு விட்ட பூச்சு டொப்பென்று ஒலிக்கும். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்துத் தட்டில் அள்ள வேண்டும். நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி கரைந்து சுவருக்குள்ளேயே போய்விடும். இடைக்காலத்தில் சுவர் பார்க்கச் சகிக்கவில்லை என்றால் சுண்ணாம்பு அடிக்கலாம். அது ஈரத்தை வெளியே விடும். பிளாஸ்டிக் பெயிண்டும் எண்ணெய்ப் பெயிண்டும் ஈரத்தை உள்ளேயே அடைக்கும்.

வெடிப்பும் கம்பியும்

சுவர் காயும் மாதங்களில் கட்டடத்தின் பலத்தைச் சோதிக்கலாம். ஒவ்வொரு வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதி, குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்தால் போதும். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தாலோ, வெடிப்பு குறியைத் தாண்டினாலோ அடித்தளம் இன்னும் நகர்கிறது என்று பொருள். அப்போது வெடிப்பை அடைப்பது வீண். கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். நகராத மெல்லிய வெடிப்பை அடைத்துவிட்டு விடலாம்.

காரை பெயர்ந்த தூணையோ உத்தரத்தையோ மேலாகச் சிமெண்ட் பூசி மூடுவது நோயை மறைப்பதாகும். பெயர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, மெலிந்துபோன இடத்தில் புதுக் கம்பியை இணைத்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். அதன் பிறகே பாலிமர் கலந்த சாந்தால் நிரப்ப வேண்டும். தூண் வேலை நடக்கும்போது மேல்தளத்தின் பாரத்தை ஜாக்கி வைத்துத் தாங்குவது கட்டாயம்.

கோட்டுக்குக் கீழே

தரைக்கு டைல்ஸ், கிரானைட், ரெட் ஆக்சைடு எல்லாம் பொருந்தும். மரத் தோற்றம் தரும் லேமினேட் தரை ஒரே வெள்ளத்தில் உப்பிவிடும். சமையலறையில் பழைய முறையே சிறந்தது. கடப்பாக் கல் தட்டும் கிரானைட் மேடையும் மூழ்கிய பின் கழுவினால் மறுநாளே பயன்படும். மரத்தூள் பலகையிலும் எம்.டி.எஃப். பலகையிலும் செய்த மாடுலர் அலமாரிகள் குப்பைக்குத்தான் போகும். பிளைவுட் தவிர்க்க முடியாவிட்டால் ஐ.எஸ். 710 முத்திரை கொண்ட மரைன் வகை வேண்டும். கடையில் எம்.ஆர். என்று விற்பது காற்றின் ஈரத்தை மட்டுமே தாங்கும், தேங்கும் நீரைத் தாங்காது.

குளியலறைக்குப் பி.வி.சி. அல்லது ஃபைபர் கதவும், வாசலுக்கு நல்ல தேக்கும், ஜன்னலுக்கு யு.பி.வி.சி. அல்லது அலுமினியமும் தாங்கும். உள்ளே அட்டை வைத்து மேலே தாள் ஒட்டிய ஃபிளஷ் கதவுகள் அடிப்பக்கம் பிரிந்துவிடும். சுவரின் கீழ் மூன்று, நான்கு அடிக்குப் புட்டியைத் தவிர்த்து, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமெண்ட் பூச்சின் மேல் வெளிச்சுவர் பெயிண்ட் அடிப்பது நீடிக்கும். அந்த உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவதும் வழக்கம். ஆனால் சுவர் காயாமல் ஒட்டினால் உள்ளே அடைபட்ட ஈரம் டைல்ஸுக்கு மேலே போய்ப் பூக்கும்.

கோட்டுக்கு மேலே

தரைத்தளத்தில் பிளக் பாயிண்டுகளை நான்கு அடிக்கு மேல் வைத்து, ஒயரிங்கைத் தரைக்குள் ஓட்டாமல் கூரையிலிருந்து கீழிறக்கினால் வெள்ளத்தில் மூழ்குவது குறையும். தரைத்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி சர்க்யூட், தனித்தனி எம்.சி.பி. இருந்தால் கீழே அணைத்துவிட்டு மாடியில் விளக்கெரிக்கலாம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எல்லா வீட்டிலும் தேவை. வெள்ளம் புகும் வீட்டில் அது உயிர்க்காப்பு. மீட்டர் பெட்டியை உயர்த்த மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, ஏசியின் வெளி யூனிட் ஆகியவற்றுக்குச் சுவரில் இரும்புத் தாங்கிகள் அடித்து ஏற்றிவிடலாம்.

கழிவுநீர் வழி

பல வீடுகளில் வெள்ளம் வாசலுக்கு முன் கழிப்பறை வழியாகவே உள்ளே வருகிறது. தெருவில் நீர்மட்டம் உயரும்போது சாக்கடைக் குழாயிலும் செப்டிக் டேங்கிலும் மட்டம் உயர்ந்து, மிகத் தாழ்வான கழிப்பறைக் கோப்பையில் எதிர்த்து ஏறும். வீட்டிலிருந்து வெளியேறும் குழாயில் நான் ரிட்டர்ன் வால்வு பொருத்தினால் நீர் ஒரே திசையில்தான் போகும். அதன் மடலில் குப்பை சிக்கினால் மூடாது என்பதால் ஆண்டுதோறும் செப்டம்பரில் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மாடியிலிருந்து விடும் தண்ணீரும் வெளியேறாமல் கீழ்த்தளக் கழிப்பறையில்தான் பொங்கும். மழை நாளில் மேல்தளத்தாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். சம்பின் வாயையும் போர் குழாயின் தலையையும் கறைக்கோட்டுக்கு மேல் கட்டி உயர்த்தி, இறுக்கமான மூடி போட்டால் குடிநீர் தப்பிக்கும்.

வீட்டை உயர்த்துதல்

தார்ச்சாலையின் மேல் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர, படியேறிப் போன வீடுகள் படியிறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்கு போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. அதற்கு முன்பே தாழ்ந்துபோன வீடுகளுக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, உள்தரையை மட்டும் மண் நிரப்பி உயர்த்துவது. கேட்க எளிதாக இருந்தாலும் கணக்கு இடிக்கும். பத்தடி உயர அறையில் இரண்டடி நிரப்பினால் மிஞ்சுவது எட்டு அடி. வாழும் அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி. ஏழடி வாசல் ஐந்தடியாகிவிடுவதால் ஒவ்வொரு கதவின் மேலும் லிண்டலை உடைத்து மேலே புதிதாக வார்க்க வேண்டும். ஓரடிக்கு உட்பட்ட உயர்வுக்கே இது பொருந்தும்.

இரண்டாவது, வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவது. சென்னைப் புறநகர்களில் பரவிவிட்ட இந்தத் தொழிலில் வட மாநிலக் குழுக்கள் கைதேர்ந்தவை. ஆயிரம் சதுர அடித் தரைத்தள வீட்டின் சுவர், கூரை எடையைக் கணக்கிட்டால் 100 டன்னைத் தாண்டும். சுவரோரம் பள்ளம் தோண்டி, அடிச்சுவரில் ஒன்றிரண்டு அடிக்கு ஓரிடமாகச் செங்கல்லை உடைத்து, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஜாக்கியை வைத்து, மேலே இரும்புச் சட்டம் கொடுத்து முறுக்குகிறார்கள். சட்டம் பாரத்தை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அடுத்த துளை. இப்படியே எல்லாச் சுவர்களும் நூற்றுக்கு மேற்பட்ட ஜாக்கிகளின் மீது நிற்கும். ஒரு ஜாக்கியின் பங்கு ஒரு டன் அளவே. இங்கே பயன்படுவது மரை ஜாக்கி. பாரம் எவ்வளவு இருந்தாலும் அதன் மரை தானாகப் பின்னோக்கிச் சுழலாது. எண்ணெய் ஜாக்கியைப் போல் கசிந்து இறங்கும் அபாயம் இதில் இல்லை.

மேஸ்திரி குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருப்புகிறார்கள். மரையின் இடைவெளி 10 மி.மீ. என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு வீடு எழுவது ஒரு செ.மீ. மூன்றடிக்குத் தொண்ணூறு சுற்று வேண்டும். ஒரு மூலை சில மி.மீ. முந்தினாலும் சுவர் வெடிக்கும் என்பதால் நீர்மட்டக் குழாய் வைத்து மூலைக்கு மூலை அளக்கிறார்கள். ஜாக்கியின் நீளம் தீர்ந்ததும் அடியில் செங்கல் அடுக்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக இறக்கி மறுபடி வைக்கிறார்கள். வேண்டிய உயரம் வந்த பின் ஜாக்கிகளுக்கு இடையே புதுச் சுவர் கட்டி, அது இறுகியதும் ஜாக்கிகளை எடுத்துத் துளைகளை அடைக்கிறார்கள். பழைய தரை இருந்த இடத்திலேயே தங்கிவிடும். அதன் மேல் மண் நிரப்பிப் புதுத் தரை போட வேண்டும். குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள், படிகள் எல்லாமே புதிது. கூரை உயரம் மட்டும் குறைவதில்லை.

செங்கல் சுவர் தாங்கும் வீடுகளுக்கு இது ஏற்றது. தூண் கட்டடமானால் தூணை வெட்டிக் கம்பிகளைத் திரும்ப இணைக்க வேண்டியிருப்பதால் சிக்கல் கூடும். தூக்கும்போது சுவர் சரிந்து உயிரிழப்பு நேர்ந்ததும் உண்டு. மண்ணையும் அடித்தளத்தையும் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. நான்கு, ஐந்து அடி வெள்ளம் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் மூன்றடி உயர்த்துவதால் பயனில்லை. அடித்தளம் தாங்குமானால் மாடி கட்டிக் குடியேறி, தரைத்தளத்தை வண்டி நிறுத்தவும் கழுவித் துடைக்கவும் ஏற்ற வெற்றிடமாக விடுவதே அங்கே சரியான தீர்வு.

எப்போது, எந்த வரிசையில்

ஜனவரி முதல் மார்ச் வரை கொத்தி எடுப்பதும் காயவைப்பதும். ஏப்ரல், மே மாதங்களில் கம்பி, வெடிப்பு, உயர்த்தும் வேலைகள். ஜூன், ஜூலையில் ஒயரிங், குழாய், பூச்சு. ஆகஸ்டில் பெயிண்ட். செப்டம்பரில் வால்வு, வடிகால், மொட்டைமாடிக் குழாய்களைச் சுத்தம் செய்தல். வெள்ளச் சேதத்துக்கும் இழப்பீடு தரும் பாரத் கிரக ரக்‌ஷா என்னும் பொது வடிவக் காப்பீடு 2021 ஏப்ரல் முதல் விற்பனையில் இருக்கிறது. அதை மழைக்கு முன்பே எடுத்துவைப்பது நல்லது. பணம் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்ய வேண்டாம். முதலில் மின்சாரம், அடுத்துக் கழிவுநீர் வால்வு, பிறகு கம்பி. பெயிண்ட் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கலாம்.